ஆளைத் தெரியாத ஃபேன்

பாண்டீஸ்வரி வீட்டு ஹாலில் ஃபேன் உண்டு, அதற்கு சுவிட்ச் கிடையாது. சுவிட்சைப் பிடுங்கி, அந்த ஓட்டையில் சிமெண்ட் பூசி, மேலே பெயிண்டும் அடிக்க வைத்தவர் அவளுடைய அப்பா நாகநாதன். "எம் மக செஞ்சது. ஆள் வந்தாத் தானா சுத்தும்" என்று சாக்கோட்டை முழுக்கச் சொல்லிவிட்டார். மகள் மேல் பெருமை இருக்க வேண்டியதுதான். அதற்காகக் கொத்தனாரையா கூப்பிடுவது?

சங்கதி இதுதான். சுவரில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சென்சார். எதிரே இருக்கிற சூட்டை அறுபத்து நாலு கட்டமாகப் பார்க்கும். சுற்றியிருப்பதைவிட ஒரு கட்டம் இரண்டு டிகிரி கூடுதலாகச் சுட்டால், ஆள் வந்துவிட்டதாக முடிவு கட்டி ஃபேனைப் போடும். மார்கழியில் மாட்டியபோது பூனை வந்து படுத்தால்கூடச் சுற்றியது.

இப்போது கத்திரி வெயில். காரைக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அஜித்தோடு போனில் பேசிப் பேசி அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. அவனுடைய அப்பா வேல்பாண்டிதான் கண்டிஷன் போட்டிருந்தார்: கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வயர் வேலையெல்லாம் ஆகாது. அஜித்தையும் விட மனசில்லை, சால்டரிங் அயனையும் விட மனசில்லை. இந்த ஃபேனைப் பார்த்தால் மனுஷர் மனசு மாறிவிடும் என்றுதான் அவள் மலைபோல நம்பியிருந்தாள்.

வேல்பாண்டி சோபாவில் உட்கார்ந்தார். ஃபேன் அசையவில்லை. நாகநாதன் கைதட்டிப் பார்த்தார், எழுந்து குறுக்கே நடந்தும் பார்த்தார். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

அடுப்படியில் நின்ற பாண்டீஸ்வரி, சென்சார் அனுப்பும் படத்தை போனில் திறந்தாள். கூரை சிமெண்ட் ஷீட். அது காய்ந்து, சுவர் முப்பத்தாறு டிகிரியில் இருந்தது. வேல்பாண்டியும் முப்பத்தாறு. சென்சாரைக் கேட்டால் சோபா காலி என்று சத்தியம் செய்யும்.

அந்த நேரம் பார்த்து அம்மா பொன்னழகு வாழைக்காய் பஜ்ஜியைத் தட்டு நிறையக் கொண்டுபோய் வைத்தாள். எண்ணெய்ச் சூடு ஆறாத பஜ்ஜி. ஃபேன் விர்ரென்று சுற்றியது.

"பாத்தீகளா?" என்றார் நாகநாதன், போன உயிர் திரும்பி வந்தவராக.

தட்டு காலியானதும் ஃபேன் நின்றது. பாண்டீஸ்வரிக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, இன்னொரு ஈடு போடு."

"போதும்னு சொல்லிட்டாகடி."

"அவுகளுக்கு இல்ல. ஃபேனுக்கு."

அடுத்த ஈடு போனது. காற்று வேண்டுமென்றால் தின்ன வேண்டும் என்று யாரும் சொல்லாமலே ஹாலில் எல்லாருக்கும் புரிய ஆரம்பித்தது. மாவும் தீர்ந்து, காபி வந்தது. வேல்பாண்டி கப்பைக் கையில் வாங்கி, யோசித்து, எழுந்து போய் சென்சாருக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். ஃபேன் சுற்றியது. இறக்கினார். நின்றது.

"ஏங்க, இது ஆளுக்குச் சுத்துதா, பலகாரத்துக்குச் சுத்துதா?"

நாகநாதன் தலை குனிந்தார். அப்பா அப்படி நிற்பதைப் பாண்டீஸ்வரியால் பொறுக்க முடியவில்லை. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஸ்க்ரூடிரைவரோடு வெளியே வந்தாள்.

"தப்பு எம்மேலதான் மாமா. குளிருல வச்சு மட்டுந்தான் சோதிச்சேன். இப்ப நீங்களும் சுவரும் ஒரே சூடு. அதுக்கு உங்களத் தெரியல."

"நான் வந்து உக்காந்தது தெரியலயா?" வேல்பாண்டி குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் நுழைந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

"அஜித், மெயினை அமத்துங்க. ஸ்டூலையும் பிடிச்சுக்கங்க."

அஜித் கேள்வி கேட்காமல் இரண்டையும் செய்தான். அவள் ஏறி, சென்சார் இருந்த பெட்டியைத் திறந்து, அதை ஒதுக்கி, ஃபேன் வயரை நேராகக் கரண்ட் வயரோடு முறுக்கி டேப் சுற்றினாள். மெயினைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்க்காமல் எல்லாருக்குமாகச் சுற்றியது.

வேல்பாண்டி கண்ணை மூடிக் காற்றை வாங்கினார். அவள் ஸ்டூலிலிருந்து இறங்கவே பயந்து நின்றாள்.

"ஆத்தா," என்றார் கண்ணைத் திறக்காமலே. "நம்ம வீட்டுக்கு வந்ததும் அங்கயும் ஒண்ணு மாட்டு. கத்திரியிலயும் என்னைய அதுக்குத் தெரியணும்." ஒரு கண்ணை மட்டும் திறந்து நாகநாதனைப் பார்த்தார். "சுவிட்சு இருந்த எடத்துல இருக்கட்டும்."