கடைசிப் பரீட்சை மை

சீசனுக்குக் குற்றாலம் வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "நீ எந்த ஸ்கூல்?" என்பதுதான். எங்கள் லாட்ஜின் நாலாம் நம்பர் அறைதான் என் ஸ்கூல், அம்மாதான் ஹெட்மிஸ்ட்ரஸ் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கென்ன என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா முன்பு டீச்சராக இருந்தவள். ஒன்றாம் வகுப்பில் யாரோ என்னை ஸ்கேலால் அடித்தார்கள் என்று அன்றைக்கே வீட்டோடு நிறுத்திக்கொண்டாள். அந்த அடி எனக்கு எப்போதோ மறந்துபோயிற்று. அவளுக்குத்தான் மறக்கவில்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தனித்தேர்வராக எழுதினேன். அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்து ஹால். அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டே பெயரெல்லாம் எனக்குப் பாடம். அபி, ஜுஹைனா, தேவா. என் பெயர் சொக்கம்மாள் என்று அங்கே ஒருத்திக்கும் தெரியாது.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் பேனா மையை ஒருவர்மேல் ஒருவர் அடித்துக்கொள்வார்கள், ஓடினால் விரட்டி விரட்டி முதுகில் அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்மேலும் ஒரு சொட்டாவது படவேண்டும். அந்த ஆசையில் சமூக அறிவியலே மண்டையில் ஏறவில்லை. அன்று வேண்டுமென்றே வெள்ளைச் சுடிதார் போட்டேன்.

"வெள்ளை எதுக்குட்டி? அழுக்காயிருமே" என்றாள் அம்மா.

"ஆனா ஆவட்டும்."

பரீட்சை முடிந்து மணி அடித்தது. கேட்டுக்கு வெளியே ஒரே கூச்சல். நடுவில் போய் நின்றுகொண்டேன். அபி பேனாவை ஓங்கியபடி ஜுஹைனாவை விரட்டிக்கொண்டு என் பக்கமாக வந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க டிரெஸ்ஸுல பட்டுரும்" என்றாள் அபி.

அக்காவாம்! அவள் வயதுதான் எனக்கும். 'என்மேலயும் அடிட்டி' என்று தொண்டை வரைக்கும் வந்தது. பாழாய்ப்போன வாய் "சரிங்க" என்றது. தள்ளி நின்றேன்.

குற்றாலம் பஸ்ஸில் கூட்டமே இல்லை. கடைசி சீட்டில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, என்மேல் நானே உதறிக்கொண்டேன். மடியில், நெஞ்சில், தோளில்.

அம்மா லாட்ஜ் வாசலிலேயே பார்த்துவிட்டாள். "ஏட்டி! யாரு அடிச்சா?"

"என் ஃப்ரெண்டு. அபின்னு பேரு."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கோ முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "உனக்கு ஃப்ரெண்டு கெடச்சுட்டாளா? ஆத்தாடி, என்னமா அடிச்சிருக்கா! எங்க, திரும்பு பாப்போம்" என்று தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

என் பின்னலை எடுத்து முன்னால் போட்டுவிட்டுப் பார்த்தாள்.

"முதுகுல ஒரு சொட்டுகூட இல்லையேட்டி" என்றாள்.

என் கை அங்கே எட்டவில்லை, அம்மா.