முட்டி மடக்காமல்

காலையில் எழுந்ததும் அவன் முதலில் குழாயைத் திறப்பான். நீல வாளியை விளிம்பு வரை நிரப்புவான். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, வாளியை வயிற்றோடு அணைத்துத் தூக்கி, குளியலறை மூலையில் இறக்குவான். தரை துடைக்கும் துணியை அதில் போடுவான். அப்புறம் தேநீர். அப்பாவின் கோப்பையை மேசையில் வைத்து மூடுவான். அரிசி டின், பருப்பு டின், எண்ணெய் கேன் மூன்றையும் மேல் தட்டிலிருந்து எடுத்து, அடித் தட்டின் கடைசிக்குத் தள்ளுவான். அப்பா முந்தின நாள் அவற்றை மேலே ஏற்றியிருப்பார். துடைப்பத்தைக் கட்டிலுக்கு அடியில், சுவரோரம் போடுவான். குளியல். சட்டை. இரண்டு துண்டு ரொட்டி. கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போவான்.

இதையெல்லாம் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யவில்லை. பல் தேய்ப்பது போலச் செய்தான்.

அப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் விசில் அவர் அறை ஆணியில் தொங்கியது. தெருவில் யாராவது கூன் போட்டு நடந்தால் அவருக்குக் கை பரபரக்கும். மனிதன் ஒழுங்காக இருக்கிறானா இல்லையா என்பதற்கு அவரிடம் ஒரே பரீட்சைதான். முட்டியை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட வேண்டும். முட்டி மடங்கினால் ஏமாற்று. பள்ளிக்கூடப் பையன்களை அப்படித்தான் வளர்த்தார். மகனையும் அப்படித்தான். வீட்டுக்கு வந்த மருமகளையும் விடவில்லை.

அவள் அந்த வீட்டில் எல்லோரையும்விட உயரம். பாத்திரத் தொட்டியோ, அவன் அம்மாவின் உயரத்துக்குக் கட்டியது. அம்மா குள்ளம். அவன் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள்.

"மாமா, தொட்டியைக் கொஞ்சம் ஏத்திக் கட்டலாமா?" என்று அவள் கேட்டாள்.

"அவ உயரத்துக்குக் கட்டினது. அது அப்படியே இருக்கட்டும்மா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. செத்துப்போனவளின் உயரத்துக்கு வளைந்து நின்று பாத்திரம் தேய்த்தாள்.

முதுகு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண்ணிடம் அனுப்பினார்கள். அவள் அங்கே கற்றதை வீட்டில் செய்து பார்த்தாள். பாத்திரம் தேய்க்கும்போது ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றுவாள். வாளியைப் பாதிதான் நிரப்புவாள். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி உட்காருவாள். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல், பாதத்தை முதலில் திருப்புவாள். அவனுக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

அப்பா நாற்காலியைச் சமையலறைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்ப்பார்.

"முட்டி மடங்குது, முட்டி மடங்குது!"

"மடங்கத்தான் மாமா முட்டி வெச்சிருக்கு."

"என்னம்மா கொக்கு, ஒத்தக் கால்ல நிக்கிறியே, மீன் சிக்குச்சா?"

"சிக்கினா உங்களுக்குத்தான் மாமா. முள்ளோட தர்றேன்."

அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு, தெருவில் போகிறவருக்குக் கேட்கும்படி, "எல்லாம் நடிப்பு" என்பார்.

அவன் நீளக் கம்பு வைத்த துடைப்பான் ஒன்று வாங்கி வந்தான். நிமிர்ந்து நின்றே தரையைத் துடைக்கலாம். அவள் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்று வந்தாள். அந்த வாரமே அப்பா கம்பை ரம்பத்தால் அறுத்துத் தன் ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டார்.

"துணி இருக்கு, கை இருக்கு. கம்பு எதுக்கு?" என்றார்.

அவள் மறுபடி தரையில் உட்கார்ந்து துடைத்தாள். பிறகு உட்காரவும் முடியவில்லை. நின்றபடி, முட்டி மடக்காமல், அவர் சொன்ன மாதிரியே குனிந்து துடைத்தாள். ஏனென்றால் முட்டியை மடக்கினால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அப்பா கைதட்டினார். "பாத்தியா, பழகிட்டா!"

முதுகெலும்புக்குள் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. அது தெரிந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டு வேலைக்கும் கட்டிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அப்பா அந்த வாக்கியத்தைச் சான்றிதழ் போலப் பத்திரப்படுத்தினார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அதை நீட்டினார். "டாக்டரே சொல்லிட்டார். வேலை செஞ்சா முதுகு போகும்னா என் முதுகு என்னைக்கோ போயிருக்கணும்."

டாக்டர் சொன்னது உண்மை. அவன் மறுக்கவில்லை. ஆனால் அந்த வலியோடு அவளைக் குனிய வைத்தது கட்டி இல்லை. அவள் நடிக்கவில்லை என்று அப்பா ஒரு தடவை, தன் வாயால் சொல்ல வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எனவே, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போதே சொன்னான்: "அப்படின்னா நாளையிலேருந்து வீட்டு வேலை நீங்க பாருங்கப்பா."

"பாக்குறேன்டா. எனக்கென்ன, எக்சர்சைஸ் பண்ண மாதிரியும் ஆச்சு."

ஆட்கள் முன்னால் சொன்ன வார்த்தை. பின்வாங்குகிற ஆள் அப்பா இல்லை. அது அவனுக்குத் தெரியும்.

அவன் வேலை பார்ப்பது கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில். இப்போதெல்லாம் அவன் போடும் ஒவ்வொரு சமையலறையிலும் மேடையும் தொட்டியும் கொஞ்சம் மேலே ஏறிவிடும். "யாருக்குப்பா இவ்வளவு உயரமான பொண்டாட்டி?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் தொங்கிப்போனது. அவன் கோட்டை அழித்துக் கீழே போட்டுக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். வாளியைப் பார்த்தாள், அடித் தட்டைப் பார்த்தாள். அவளுக்குப் புரியாமல் இருக்குமா?

"ஏன்டா, பெத்தவர வேலைக்காரனாக்கிட்டியே, நல்லா இருக்கா?"

"அவரே ஒத்துக்கிட்டார்."

"ஒத்துக்குவார். வீம்பு. அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே அச்சு. ஒரு ஆள் வெச்சுக்கோ, இல்ல என்கூட அனுப்பு."

"எங்கயும் வரல. யார் முதுகு போச்சு இங்க?" என்றார் அப்பா, குனிந்து துணியைப் பிழிந்தபடி. குரல் மட்டும் விசில் மாதிரி இருந்தது. நிமிர்வதற்கு இப்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "சாகுறப்பக்கூட அவ என்னடா சொன்னா? 'மாமாவப் பாத்துக்கோங்க'ன்னு தானே? அவ மனசு எங்க, உன் மனசு எங்க?"

"யார் சொன்னா?"

"அப்பாதான் எல்லார்கிட்டயும் சொன்னாரே. நீ பக்கத்துலதானே இருந்த?"

"இருந்தேன்," என்றான்.

மறுநாள் சாயங்காலம் கதவைத் திறந்தபோது அப்பா கூடத்தின் நடுவில் ஈரத் தரையில் இருந்தார். இரண்டு கை, இரண்டு முட்டி. துணி கையிலேயே இருந்தது. தலையைத் தூக்க முடியாமல் அவன் செருப்பைப் பார்த்துப் பேசினார்.

"வந்துட்டியா. கை குடுடா. பிடிச்சுக்கிச்சு."

அவன் செருப்பைக் கழற்றி அதன் இடத்தில் வைத்தான். பையை மாட்டினான்.

"முட்டி மடங்கியிருக்கேப்பா," என்றான்.

 அப்பாவின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டித் தரை ஈரத்தோடு கலந்தது.

"வெளையாடாதடா. உயிர் போகுது. மூச்சு விட்டா குத்துது."

"நடிக்காதீங்க."

சத்தம் போடாமல்தான் சொன்னான்.  குளியலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. அவன் நாற்காலியை இழுத்து, அப்பா எப்போதும் போடுகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தான். பார்த்தான். ஆசை தீரப் பார்க்கலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தான். தலை நரைத்த ஒரு ஆள் மாடு மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான்.

கடைசியில் தரையைப் பார்த்தபடி அப்பா சொன்னார்.

"அவ நடிக்கலடா."

அவன் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான். வந்துவிட்டது. நெஞ்சில் ஏதாவது அசையும் என்று நினைத்திருந்தான். ஒன்றும் அசையவில்லை. கேட்ட பொருளைக் கடைக்காரர் எடுத்து வைத்த மாதிரி, அது எதிரே சும்மா இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"அவ நடிக்கல. நான்தான்..." மூச்சு தடுக்கியது. "எனக்குத் தெரியலடா."

அவன் கை கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்தான். "வலது பக்கம் சாயுங்க. தோள்ல இறங்குங்க. இடுப்ப முறுக்காதீங்க. ரெண்டு காலையும் சேத்து மடக்குங்க. இப்ப கைய ஊனி எழும்புங்க. மெதுவா." எல்லாம் அவளுடைய வார்த்தைகள். அப்பா, வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனைப் போல, சொன்னதைச் சொன்னபடி செய்தார். கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணாடி," என்றார். அது மூக்கிலிருந்து கழன்று மேசைக்கு அடியில் போயிருந்தது. "எடுத்துக் குடுடா."

அவன் எழுந்து போனான். பழக்கத்தில் ஒரு முட்டி தானாக மடங்கியது. பாதியில் நின்றான்.

அவளுடைய கடைசி நாளில் ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். மூடி உருண்டு அவள் கட்டிலுக்கு அடியில் போனது. அவர் நிமிர்ந்து நின்றபடியே, "அத எடுடா" என்றார். இரண்டு ராத்திரி தூங்காத முதுகோடு அவன் குனியப் போனான். அப்போதுதான் அவள் கண் திறந்து, அவன் சட்டையின் கையைப் பிடித்தாள். அவள் சொன்னது அப்பாவின் காதிலும் விழுந்தது. விழுந்ததால்தான் அவர் வெளியே வந்து எல்லோரிடமும் வேறொன்றைச் சொன்னார்.

அவன் நேராக நிமிர்ந்தான். கண்ணாடி கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"நீங்க குனியாதீங்க," என்றாள் அன்றைக்கு அவள். "அவரே குனியட்டும்."