பாஸ்னு கூப்பிட்டா போதுமா?

என் புருஷனை மலாக்காவே பாஸ்னுதான் கூப்பிடும். பெட்ரோல் ஸ்டேஷன்ல பாஸ், பசார்ல மீன் வெட்டுறவருக்கும் பாஸ், ரொட்டி சானாய் கொண்டாந்து வைக்கிறவருக்கும் பாஸ். இவரும் அவங்களை பாஸ்னுதான் கூப்பிடுவார். ஊர் முழுக்க பாஸ்தான், வேலை பார்க்கத்தான் ஆள் இல்ல.

செங் பக்கம் ஒரு ஃபேக்டரியில பன்னெண்டு வருஷமா மெஷின் ஓட்டுறார். போன வருஷம் சூப்பர்வைசர் வேலையை விட்டு நின்னதிலேருந்து அவர் வேலையையும் இவரே இழுத்துப் போட்டுப் பார்த்தார். வீடு திரும்ப ராத்திரி ஆயிடும். காலையில மேனேஜர் வந்து தோளைத் தட்டுவாராம். "பாஸ், நீங்க இருக்கும்போது எனக்கு என்ன கவலை?"

அப்புறம் அந்தப் பதவிக்கு ஆள் எடுக்கிறோம்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. ஃபாரம் எழுதிப் போடுங்கன்னு நான் தொண்டை வத்தக் கத்தினேன்.

"எதுக்கு லா? எல்லாரும் என்னைத்தானே பாஸ்ங்கிறாங்க. கேட்டு வாங்கினா நல்லாவா இருக்கும்?"

அடடா, என்ன ஒரு பெருந்தன்மை!

அன்னிக்குச் சாப்பிடும்போது எங்க மக தாரணி போனைப் பார்த்துச் சொன்னா. "அப்பா, பாஸ்ங்கிறது டச்சுக்காரன் வார்த்தையாம். எஜமான்னு அர்த்தம். அமெரிக்காவுல வேலைக்காரங்க முதலாளியை 'மாஸ்டர்'னு கூப்பிட ரோஷப்பட்டுக்கிட்டு, இதைப் பிடிச்சுக்கிட்டாங்களாம்."

"நம்ம டவுன்ல சிவப்புக் கட்டடம் கட்டினானே, அந்த டச்சுக்காரனா?" இவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு வயித்தெரிச்சல். அங்க ரோஷம் வந்து பிடிச்ச வார்த்தையாம், இங்க அதைக் கேட்டதும் இவருக்கு இருந்த கொஞ்ச ரோஷமும் போயிடுது. ஃபாரம் ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்துச்சு.

வெள்ளிக்கிழமை முடிவு வந்துச்சு. பதவி, சேர்ந்து ரெண்டே வருஷமான திவாகருக்கு. மேனேஜர் கையை விரிச்சுட்டாராம். "நீங்க ஃபாரமே போடலையே, பாஸ்!"

திங்கட்கிழமை திவாகர் வந்து, "பாஸ், வேலையைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க லா"ன்னு நின்னிருக்கான். இவர் ஸ்டோர் சாவியை அவன் கையில வச்சு, "இனிமே நீதான் தம்பி பாஸ்"னு சொல்லிட்டு, அஞ்சு மணிக்கெல்லாம் பஞ்ச் அடிச்சுட்டுக் கிளம்பிட்டார்.

பாயா ரும்புட்ல எங்க வீட்டு வாசல்ல வெயில் இருக்கும்போதே அவரோட மோட்டார் சைக்கிள் சத்தம். வாய் நிறைய திட்டு வச்சுக்கிட்டுத்தான் கதவைத் திறந்தேன். முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்துச்சு. நானும் இத்தனை வருஷமா 'என்னங்க'ன்னுதானே கூப்பிடுறேன். இந்த மனுஷன் பேரைச் சொல்ல ஒரு ஆள் கிடையாது.

"வாங்க, கோகுலராஜ்"னேன்.

அவர் திரும்பி, பின்னால யார் வந்திருக்காங்கன்னு பார்த்தார்.