பதிவேட்டில் ஒரு கிரீடம்

எங்கள் பால் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. மாடு கன்று போட்டால், கன்றை வெளியே இழுத்தவர் யாரோ அவரே கை கழுவிய கையோடு பதிவேட்டில் பெயர் எழுதி, தான் யார் என்றும் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா வைத்த சட்டம் அது. அவள் சட்டத்தை மாடுகூட மீறாது.

மூன்று வருடத்துக்கு முன்பு, மாட்டு டாக்டரின் உதவியாள் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் புதன்கிழமைதோறும் வந்தான். மாட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்றுகூடத் தெரியாது. எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அக்காவுக்கு ஆகிவிட்டது. ஒருநாள் செவலைப் பசு ஈன முடியாமல் தவித்தபோது, மூன்று மணி நேரம் மல்லுக்கட்டிக் கன்றை இழுத்துப் போட்டான். அந்தக் களைப்பில் பழக்கதோஷமாகத் தன் நிஜக் கையெழுத்தைப் போட்டுத் தொலைத்தான். பெயருக்கு மேலே குட்டியாக ஒரு கிரீடம். அதைப் போடும் உரிமை நாட்டில் ஒரே குடும்பத்துக்குத்தான். வெளிநாட்டிலேயே வளர்ந்த இளைய இளவரசன், அதனால்தான் முகம் யாருக்கும் பழக்கமில்லை. அக்காவும் நானும் இதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை, அவனும் புதன் தவறாமல் வந்துகொண்டிருந்தான்.

போன வாரம் அரண்மனைச் செயலாளர் வந்தார். இளவரசருக்கு வேறிடத்தில் பெண் பார்த்தாகிவிட்டதாம். அவர் இங்கே வந்ததே இல்லை என்று அக்கா எழுதித் தந்து, பதிவேட்டில் கிரீடம் போட்ட தாளையும் கிழித்துக் கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் எங்கள் வண்டிப்பாதை அடைபடும், அது ஓடுவது அரண்மனை நிலத்தில்தான் என்றார்.

அக்கா துண்டில் கை துடைத்தாள். "எழுதினது அவரு. கிழிக்கணும்னா அவரே வந்து கிழிக்கட்டும்."

"அவர் வரமாட்டாரும்மா."

"அப்ப தாளும் வராது."

மறுநாள் காலை பாதையில் சங்கிலி. பால் வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றது. பக்கத்து வயல் வரப்பு வழியாக நானும் அக்காவும் கேன்களைச் சுமந்தோம். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. தாளைப் பத்திரிகைக்குக் கொடுத்து அவர்கள் மானத்தைக் கப்பலேற்றலாம் என்றேன். ஊருக்குக் காட்ட வைத்திருக்கவில்லை என்றாள். அவன் உன்னை மறந்தே போய்விட்டான், இரண்டு புதனாக ஆளையே காணோம் என்று கத்தினேன். அடுத்த கேனைத் தூக்கினாள். எனக்கு அழுகையாக வந்தது.

நான்காம் நாள், புதன்கிழமை. வரப்பில் மூச்சு வாங்க நின்றிருந்தேன். என் கேனின் இன்னொரு காதை ஒரு கை பிடித்தது. அவன்தான். சங்கிலி அவன் காரையும் விடவில்லையாம், நடந்தே வந்திருக்கிறான். கேனைப் போட்டுவிட்டுப் பால் அறைக்குக் கூட்டிப்போனேன்.

அக்கா பதிவேட்டைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். "கிழிக்கிறதுன்னா கிழிச்சுக்குங்க. தடுக்க மாட்டேன்." பேனாவையும் பக்கத்தில் வைத்தாள்.

அவன் பேனாவை எடுத்தான். 'மாட்டு டாக்டரின் உதவியாள்' என்பதை அடித்துவிட்டு, அதன் மேல் எழுதினான்: 'இந்த வீட்டு மாப்பிள்ளை, பெண்ணுக்குச் சம்மதமானால்.'

அக்கா நிதானமாகப் படித்தாள். "அடிச்சுத் திருத்தினா பக்கத்துல கையெழுத்துப் போடணும்."

போட்டான். வெறும் பெயர் மட்டும்.

"கிரீடம்?"

"அங்கயே குடுத்துட்டு வந்துட்டேன்."

அக்கா பேனாவை வாங்கி, அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தாள்.

பாதையில் சங்கிலி இன்னும் அப்படியேதான் கிடந்தது. மெயின் ரோட்டில் பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா," என்றேன், "அந்தக் கேன் வரப்புலயே நிக்குது."