பன்னிரண்டாவது பெட்டி

எங்கள் கம்பெனியில் டிரைவருக்குச் சம்பளம் மணிக்கணக்கில் இல்லை, பெட்டிக்கணக்கில். ஹோட்டல், பள்ளிக்கூட கேண்டீன், ஆஸ்பத்திரிச் சமையலறை என்று ஒரு நாளைக்குப் பதினாலு இடம். லாரியின் பின்கதவைத் திறந்து, சறுக்குப் பலகையை இழுத்துப் போட்டு, தள்ளுவண்டியில் ஆறு ஆறு பெட்டியாக இறக்கி, அவர்களுடைய குளிர் அறையில் அடுக்கினால்தான் காசு. டிராஃபிக்கில் நின்றால் காசு கிடையாது. கிடங்கில் சரக்கு ஏறும்வரை காத்துக் கிடந்தாலும் கிடையாது. மூட்டு தேய்ந்தால் அது உன் சொந்த மூட்டு.

இது போதாதென்று ஒரு விதி. இறக்கும் இடத்தில் ஒரு பெட்டி குறைந்தால் அதன் விலையை என் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒரே மாதத்தில் மூன்று தடவை குறைந்தால் லைனே, அதாவது தினமும் ஓட்டுகிற ரூட்டே, போய்விடும். அப்புறம் நான் 'ஸ்பேர்' டிரைவர், கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. எண்ணிப் பார்த்து ஏற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எண்ண விட்டால்தானே! ஒவ்வொரு இடத்துச் சரக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தாள் சுற்றி வரும். தாளைக் கிழிக்கக் கூடாது. லோடர் பதினெட்டு நிமிடத்தில் ஏற்றி முடிப்பான், நான் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். கண்ணால் பார்க்காத பெட்டிக்கு ஆறு வருடமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதம் எனக்கு ஏற்கெனவே இரண்டு தடவை குறைந்துவிட்டது. இரண்டுமே ஃப்ரீசர் கோழி, இரண்டுமே கடைசி இடமான பெரிய ஹோட்டலுக்குப் போகிற அடுக்கு. என் வண்டிக்கு ஏற்றுகிற லோடர் வேறு யாருமில்லை, என் மச்சினன். என் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டு, வாடகையில் பாதி கொடுத்துக்கொண்டு, என் பெண்ணுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருப்பவன்.

அவன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது என்று சொன்னால் போதாது. அது வந்து, உட்கார்ந்து, கால் நீட்டிவிட்டது. கொஞ்ச நாளாக அவன் மாடிப்படியில் நின்று யாரிடமோ போனில் பேசுவான், என்னைக் கண்டதும் வைத்துவிடுவான். அதைவிட மோசம், சாப்பிடும்போது ஒன்றும் தெரியாதவன் மாதிரி, "மாமா, கடைசி ஸ்டாப்புக்கு எத்தன மணிக்குப் போவீங்க? அங்க யாரு எண்ணுவாங்க?" என்று கேட்டான். லோடருக்கு எதற்கு அந்த விவரம்?

மனைவியிடம் கேட்டே விட்டேன். "உன் தம்பி எதுக்கு என் கடைசி ஸ்டாப்பப் பத்தித் துருவுறான்?"

"அக்கறையில கேக்குறான். உங்களுக்கு உங்க நெழலப் பாத்தாலும் சந்தேகம்."

"நெழலுக்காக யாரும் என் சம்பளத்தப் புடிக்கல."

அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். நேற்றுக் காலை சரக்கு ஏறும்போது அவனே பக்கத்தில் வந்தான்.

"மாமா, ஒரு விஷயம்..."

"வேலையப் பாரு. பதினெட்டு நிமிஷம் ஓடுது."

அவன் மேலே இருந்த கேமராவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நகர்ந்துவிட்டான். திருட்டு முழி என்று அப்போதே மனதில் எழுதிக்கொண்டேன்.

ஐந்தாவது இடம் ஆஸ்பத்திரி. அங்கே ஃப்ரீசர் பக்கத்தைத் திறந்தபோது, கடைசி அடுக்குக்குப் பின்னால், சுவரோரமாக ஒரு பழைய சாக்கு தெரிந்தது. தூக்கினால் அடியில் தனியாக ஒரு கோழிப் பெட்டி. என் லைன் ஸ்டிக்கர் இல்லை, லிஸ்டிலும் இல்லை. தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. கதை எனக்குப் பளிச்சென்று புரிந்துபோனதாக நினைத்தேன். பயல் கிடங்கிலிருந்து பெட்டியைக் கிளப்புகிறான், சுமந்துபோக என் வண்டி, வழியில் எவனோ எடுத்துக்கொள்ள ஆள். வாசலில் சோதனை போட்டிருந்தால் விலங்கு யார் கையில்? என் கையில்.

மேனேஜருக்கு போன் போட்டேன். ஆளை வேலையை விட்டுத் தூக்கும்போதும் சிரிப்பவர் என்பதால் அவருக்கு எங்களிடையே 'சிரிப்பு' என்றுதான் பேர்.

"படம் புடிச்சு அனுப்புங்க. பெட்டியத் தொடாதீங்க, அப்படியே திருப்பிக் கொண்டாங்க. ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க," என்றார்.

அனுப்பினேன். யார் ஏற்றியது என்று கேட்டார், அதையும் சொன்னேன். அப்புறம் எட்டு இடத்திலும் பாட்டுக் கேட்டுக்கொண்டே இறக்கினேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இந்த மாதத்தில் நான் நிம்மதியாக இருந்தது அந்த நாலு மணி நேரம்தான்.

கடைசி இடத்தில் எண்ணுகிறவர் ஹோட்டலின் ஸ்டோர்க்காரம்மா. விரல் வைத்துத் தொட்டுத் தொட்டு எண்ணுகிற ரகம். லிஸ்டில் பன்னிரண்டு பெட்டி. அவர் முன்னாலேயே கத்தியால் தாளைக் கிழித்தேன். அதுவரை தாள் மேல் ஒரு கீறல் இல்லை, ஒட்டின முனை ஒட்டினபடி இருந்தது.

"பதினொண்ணு," என்றார்.

"நல்லாப் பாருங்கம்மா."

"எனக்கு என்னப்பா, நூறு தடவ வேணாலும் எண்ணுறேன். பதினொண்ணுதான். எழுதிக்கவா?"

மூன்றாவது. லைன் போயிற்று என்று நினைப்பதற்கும் முன்னால் வேறு ஒன்று உறைத்தது. தாள் சுற்றுவது ஃப்ரீசர் உள்ளே இருக்கிற ஆட்கள். சுற்றி முடித்த பிறகுதான் லோடர் கைக்கு வரும். தாள் கிழியாமல் உள்ளே ஒன்று குறைகிறது என்றால், மச்சினன் அதில் கையே வைக்கவில்லை.

வண்டிக்குள் ஏறி அந்தச் சாக்கை விலக்கினேன். பெட்டியைத் தொடாதே என்று சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு பில் டேப் போட்டு ஒட்டியிருந்தது. ஊழியர் விலை, காலை ஐந்து பத்து, பணம் செலுத்தியாயிற்று, அவனுடைய ஊழியர் எண். அவனுக்கு அது இரண்டு நாள் கூலி.

பன்னிரண்டாவது பெட்டி என் கையில் இருந்தது. கொடுக்க முடியாது, படம் மேனேஜரிடம் இருந்தது. மச்சினனைக் கூப்பிட்டேன், போன் எடுக்கவில்லை. பதினொன்று என்று எழுதின காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கிடங்குக்குத் திரும்பியதும் நேராக மேனேஜர் அறைக்கு ஓடினேன். "சார், நான் தப்பாச் சொல்லிட்டேன். அது அவன் காசு குடுத்து வாங்குனது. பில்லு இருக்கு."

"தெரியும். அவரும் காட்டுனாரு." சிரித்தார். "திருட்டுன்னு யாரு சொன்னா? லிஸ்ட்டுல இல்லாத சரக்க வண்டில ஏத்துனாரு. அதுக்குத்தான் வேலைய விட்டு அனுப்பியாச்சு."

"ஃப்ரீசர்லதான் சார் கொறையுது! அத யாரு கேப்பா?"

"அது வேற டிபார்ட்மென்ட். உங்களுக்கு ஒரு நல்ல சேதி சொல்றேன். இன்னைக்குக் கொறைஞ்சத உங்க பேர்ல ஏத்தல. லைன் உங்ககிட்டயே இருக்கும். கம்பெனிக்கு உண்மையா இருக்கிறவங்கள நாங்க விட மாட்டோம்."

அந்த மேஜையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் பழக்கம்.

வீட்டுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மச்சினன் ஹாலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். மனைவி அழுது முடித்துத் திட்டுகிற கட்டத்தில் இருந்தாள்.

"தெரியுமா உங்களுக்கு? தூக்குற வண்டில எடை காட்டுமாம். கோழி அடுக்கு எடை கொறையுதுன்னு உள்ள இருக்கிற சூப்பர்வைசர்கிட்ட மாடிப்படியில நின்னு போன்லயே ரெண்டு தடவ சொல்லியிருக்கான். சரக்கு ஏத்துறத நிறுத்தாதடான்னு வெரட்டிட்டானாம். இன்னைக்கும் கொறைஞ்சிருக்கு. உங்களுக்கு மூணாவது ஆயிடக் கூடாதுன்னு சொந்தக் காசுல வாங்கி வெச்சிருக்கான், பைத்தியக்காரன். எந்தப் படுபாவியோ போட்டுக் குடுத்துட்டான். நீங்க நாளைக்கு விசாரிங்க. எவன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"விடுக்கா. யாரா இருந்தா என்ன," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது, மேனேஜர் நான் எடுத்த படத்தைக் காட்டியிருப்பார். தெரிந்தும் மத்தியானத்திலிருந்து அக்காவிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பெருந்தன்மைதான் என்னைப் பிடித்து உலுக்கியது.

"நான்தான்," என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். "என்ன நீங்கதான்?"

"போட்டுக் குடுத்தது நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மச்சினன்தான் எழுந்து, எனக்கு உட்கார இடம் விட்டான்.

"சண்டைய அப்புறம் போடலாம்க்கா. மொதல்ல மாமாவுக்குச் சாப்பாடு போடு. காலைல வண்டி எடுக்கணும். இனிமே வீட்டுக்கு அந்த ஒரு சம்பளந்தான்."