ஐஸ் பேக்டரி ஸ்டாப்

எங்கள் புறநகரில் யாரும் தெருப்பெயர் சொல்லி வழிகாட்ட மாட்டார்கள். இடிந்த ஐஸ் பேக்டரி, மூடிய சினிமாக் கொட்டகை என்று இல்லாததை வைத்தே சொல்வார்கள். அதிலுள்ள வில்லங்கம், அக்காவின் தையல்கடை வாசலில் பெரிய குழாய் வெடித்த மத்தியானம்தான் புரிந்தது.

கடை சாலையைவிடப் பள்ளம். தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. துணிகளை மேசைமேல் ஏற்றிவிட்டோம். மெஷின்களைத்தான் அசைக்க முடியவில்லை; தரையோடு போல்ட் போட்டவை. அவற்றின் மோட்டார் மேசைக்கு அடியில், முழங்கால் உயரத்தில் தொங்கும். நனைந்தால் அக்காவின் பிழைப்பு போச்சு.

"பம்பை நிறுத்தச் சொன்னேனே!" அக்கா கத்தினாள்.

"நிறுத்தியாச்சும்மா," என்றார் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் தண்ணீர்க்காரர்.

பம்பு தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற மட்டும்தான். பிறகு தொட்டியின் உயரமே அதைக் கீழே தள்ளும். நடுவே இருக்கும் வால்வை மூடினால்தான் நிற்கும்.

"வால்வு எங்க?"

"ஐஸ் பேக்டரி ஸ்டாப் எதிர்லன்னு எனக்கு முன்னாடி இருந்தவரு சொன்னாரு."

ஓடினோம். ஸ்டாப்புக்கு எதிரே தோண்டத் தோண்ட மண்தான் வந்தது. அக்காவுக்கு ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. கடைக்கும் குழிக்குமாக அலைந்தாள். சலூன்காரர் கையில் சீப்போடு எட்டிப் பார்த்தார்.

"என்னடா, புதையலா?"

"ஐஸ் பேக்டரி வால்வுண்ணே."

"அது இங்க எங்கடா இருந்துச்சு? ரோட்டை அகலமாக்கினப்ப ஸ்டாப்பை இங்க தள்ளி வெச்சாங்க. பேரும் பஸ் ஏறி வந்துடுச்சு. பேக்டரி இருந்தது மணிக்கூண்டு நிக்கிற இடத்துல."

சரியாகத்தான் இருக்க வேண்டும். உருகிய தண்ணீர் வடிய ஐஸ் பேக்டரிக்கு அகலமான சாக்கடை தேவை. அப்படியொரு சாக்கடை மணிக்கூண்டின் காலடியில் வந்து முட்டி நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஏனென்று யோசித்ததில்லை. பழைய ஸ்டாப்புக்கு நேரெதிரே இப்போது இருப்பது மணிக்கூண்டின் படிதான்.

மணிக்கூண்டைக் கட்டிய ஊர்நலச் சங்கத்தின் தலைவர் எங்களுக்கு முன்பே அங்கே நின்றார். எங்கள் ஊரில் செய்திக்கு மட்டும் வழி தெரியும்.

"படியைத் தொடாதீங்க. ஊருக்கு இருக்கிற ஒரே அடையாளம்மா இது."

"அடையாளமா? இது ஓடினதே திறப்பு விழா அன்னிக்கு மட்டும்தான்!"

"கமிட்டியைக் கூட்டிப் பேசுவோம்."

"தாராளமாக் கூட்டுங்கண்ணே. அதுவரைக்கும் வெளிய நில்லுன்னு தண்ணிகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."

தண்ணீர்க்காரர் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கிப் படியில் ஓங்கிப் போட்டாள். பளபளத்த டைல்ஸ் தெறித்தது. அடியில் ஓர் இரும்பு மூடி.

தண்ணீர்க்காரர் மூடியைத் தூக்கிவிட்டு, வால்வில் நீளச் சாவியை மாட்டி, நிதானமாகத் திருப்பினார்.

"சீக்கிரம்ணே!"

"முடியாதும்மா. ஓடுற தண்ணிய சடக்குன்னு நிறுத்தினா, மோதுற வேகத்துல வேற குழாய் வெடிக்கும்."

உண்மைதான். ஆனால் அக்கா என் தோளைப் பிய்த்துவிடுவதுபோல் பிடித்திருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நகம் இன்னும் ஆழமாக இறங்கியது. கடைசிச் சுற்று முடியுமுன்பே கடைக்கு ஓடிவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட தண்ணீரில் நின்று ஒவ்வொரு மோட்டாராகத் தடவிக்கொண்டிருந்தாள். வாசலோர மெஷின் மட்டும், தண்ணீர் பாய்ந்து தெறித்ததில் நனைந்திருந்தது.

"இது போச்சு. மத்ததெல்லாம் ஓடும்டா," என்றாள். அப்புறமும் ஒருமுறை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். "அடுத்த தடவை வால்வு எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"மணிக்கூண்டுப் படிக்குக் கீழன்னு."

"அதான் இடிச்சாச்சே."

"இடிச்சதாலதான்க்கா எல்லாருக்கும் தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. வாளியை என் கையில் திணித்தாள்.