நாத்தனாரின் கொட்டாவி

அசிமினா கிரேக்க நாட்டின் பாத்ராஸ் நகரில் பேருந்து ஓட்டுகிறவள். ஒற்றைத் தலைவலி வந்தால் அவசரப் பிரிவுக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு, மறுநாளே வண்டியில் ஏறிவிடுவாள். இந்த முறை பாதி வழியில் கண் இருட்டி, பயணிகளை நடுத்தெருவில் இறக்கிவிட்டு வந்திருந்தாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஸ்டியரிங்கை மறந்துவிட்டு டிக்கெட் கூண்டில் உட்கார வேண்டியதுதான் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்களாம்.

டாக்டர் க்ளியோ ஊசியோடு விடவில்லை. "ஊசி இன்னைக்கு வலிக்கு. வலி வராம இருக்க தினமும் ஒரு மாத்திரை, இங்கேயே ஆரம்பிச்சிடுவோம். கூடவே சாயங்காலம் மெதுவா மூச்சு விட்டு உடம்பைத் தளர்த்தணும். ரெண்டும் சேர்ந்தா சில வாரத்துல பலன் தெரியும்."

"போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க, கண்ணு? வலி இல்லாதப்போ எதுக்கு மாத்திரை? மூச்சுப் பயிற்சின்னு போன்ல ஒரு பொம்பளை பேசுறாளே, அவ குரலைக் கேட்டா எனக்குச் சண்டை போடத்தான் தோணுது. இது கண்ணேறு."

சொல்லிவிட்டு நாத்தனார் தெயானோவைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணி, யாரோ கண்ணு வெச்சுட்டாங்க."

தெயானோ ஜெபத்தை முணுமுணுத்தாள். நடுநடுவே பெரிய பெரிய கொட்டாவி. கண்ணேறு கழிகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. கடைசியில், "தூ, தூ, தூ!"

க்ளியோவுக்கு எரிச்சல். படித்த படிப்பெல்லாம் ஒரு கொட்டாவியிடம் தோற்பதா? ஆனால் காதுவரை ஏறியிருந்த அசிமினாவின் தோள்கள் இப்போது இறங்கியிருந்தன. மூச்சும் நிதானமாகியிருந்தது. க்ளியோ சட்டென்று போனை வாங்கினாள்.

"தெயானோ அக்கா, இதைத் தினமும் செய்வீங்களா? இவங்க மாத்திரை போட்ட பிறகுதான் ஆரம்பிக்கணும். நீங்க முணுமுணுக்கிற வரைக்கும் இவங்க மெதுவா மூச்சு விடணும்."

"தினமுமா? என் தாடை கழண்டுடும்மா!"

"உங்களை விட்டா இவங்களுக்கு யார் இருக்கா?"

தெயானோவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

வசந்தத்தில் ஒரு காலை க்ளியோ பேருந்தில் ஏறினால், ஸ்டியரிங்கில் அசிமினா! க்ளியோவுக்கு அப்படியொரு சந்தோஷம்.

"வலி வருதா?"

"எப்பவாவது எட்டிப் பார்க்கும். வந்த வழியே போயிடும்."

"மாத்திரை?"

"போடாம விட்டுடுவாங்களா அண்ணி? நான் போடலேன்னா அவங்களுக்குக் கொட்டாவியே வரலையாம்! ஆனா ஒன்னு, டாக்டரம்மா. என்னைக் குணமாக்கினது அண்ணிதான்."

க்ளியோ வாய்வரை வந்த பாடத்தை விழுங்கினாள். துறைமுகத்துக் குறுகலான திருப்பத்தில் அவ்வளவு பெரிய வண்டி அலுங்காமல் திரும்பியது.

"என்னமா ஓட்டுறீங்க!" என்றாள் மனதார.

பயணிகள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அசிமினா கண்ணாடி வழியே முறைத்தாள்.

"தூ, தூ, தூ," என்றாள் டாக்டர் க்ளியோ, அவசர அவசரமாக.